செய்தவனா, பட்டவனா: யாருக்குக் கேடு அதிகம்?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பொறாமை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, சாக்ரடீஸின் கூற்று ஒன்றைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன்: அநீதிக்கு ஆளாவதைவிட அநீதி செய்வதே பெரிய கேடு. அந்த ஒரு வரிக்கு வந்த அளவு கடிதங்கள் இந்தப் பகுதியில் வேறெதற்கும் வந்ததில்லை. சிலர் கோபத்தோடும், சிலர் மனம் நொந்தும் எழுதியிருக்கிறார்கள். எனவே இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு மாவட்டத்தை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஒரு சங்கத்தின் கிடங்கில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வந்து சேராத 140 மூட்டைகளை வந்ததாக இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தே சொன்னார்கள். நான் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டேன். பத்தே நாளில், வீட்டிலிருந்து 90 கிலோமீட்டர் தள்ளி மாறுதல். என் இடத்துக்கு வந்த இளைஞர் கையெழுத்துப் போட்டார்; இன்று அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்துவிட்டது. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தந்தை பக்கத்தில் இல்லாமல் படித்து, எதிர்பார்த்த மதிப்பெண் பெறவில்லை. அந்த இளைஞரைவிட நான் நல்ல நிலையில் இருப்பதாகச் சாக்ரடீஸ் சொல்கிறாரா? இது தோற்றுப்போனவர்களுக்குச் சொல்லும் ஆறுதல்தானே? (கிடங்குக் காப்பாளர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தங்களுக்கு நேர்ந்தது அநீதி. அதைச் சிறிதாக்கிக் காட்டும் நோக்கம் எனக்கு இல்லை, சாக்ரடீஸுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. தாங்கள் கேட்டதையே ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் போலஸ் என்ற சிசிலித் தீவுப் பேச்சாளன் அவரிடம் கேட்கிறான். பிளேட்டோ எழுதிய 'கார்ஜியாஸ்' என்னும் உரையாடலில் அந்த வாதம் விரிவாக வருகிறது. போலஸ் காட்டும் உதாரணம் தங்களிடத்துக்கு வந்த இளைஞரைப் போன்ற சாதாரண மனிதரைப் பற்றியதன்று. மாசிடோனியாவில் கி.மு. 413 முதல் 399 வரை ஆண்ட ஆர்க்கெலாஸ் என்ற அரசனை அவன் எடுத்துக்காட்டுகிறான். ஆர்க்கெலாஸ் அடிமைப் பெண் ஒருத்தியின் மகன். முறைப்படி அவனுக்கு அரசுரிமை இல்லை. தன் தந்தையின் உடன்பிறந்தவரையும் அவர் மகனையும் விருந்துக்கு அழைத்து, குடிக்கவைத்து, வண்டியில் தூக்கிப் போட்டு, இரவோடு இரவாகக் கொண்டுபோய்க் கொன்றான். பிறகு, பட்டத்துக்கு உரியவனாகிய தன் ஏழு வயதுத் தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, அந்தக் குழந்தையின் தாயிடம் போய், வாத்தைத் துரத்திக்கொண்டு ஓடியபோது தவறி விழுந்துவிட்டான் என்று சொன்னான். இப்படிப்பட்டவன்தான் மாசிடோனியாவிலேயே மிகவும் துயரத்துக்குரியவன் என்றா சொல்கிறீர்கள் என்று போலஸ் ஏளனமாகக் கேட்கிறான்.

ஏளனத்துக்கு அவனிடம் காரணம் இருக்கத்தான் செய்தது. ஆர்க்கெலாஸ் கோட்டைகள் கட்டினான், நேரான பாதைகள் போட்டான், படையைப் பெருக்கினான். ஏதென்ஸின் புகழ்பெற்ற நாடகாசிரியர் யூரிப்பிடீஸே தம் கடைசிக் காலத்தில் அவன் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். தங்களைச் சுற்றி இருப்பவர்கள் அந்த இளைஞரைப் பார்த்து என்ன சொல்கிறார்களோ, அதையேதான் ஏதென்ஸ்காரர்கள் அந்த அரசனைப் பார்த்துச் சொன்னார்கள்: பிழைக்கத் தெரிந்தவன்.

அந்த இடத்தில் போலஸ் நேரடியாகவே கேட்டுவிடுகிறான்: அப்படியானால் நீங்கள் அநீதி செய்வதைவிட அநீதிக்கு ஆளாகவே விரும்புவீர்களா? இதற்குச் சாக்ரடீஸ் சொல்லும் பதிலைப் பலர் பாதியை விட்டுவிட்டே மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டையுமே நான் விரும்பமாட்டேன் என்றுதான் அவர் தொடங்குகிறார். செய்வது, படுவது என்ற இரண்டில் ஒன்று தவிர்க்க முடியாமல் வந்து நின்றால் மட்டும், படுவதைத் தேர்ந்துகொள்வேன் என்கிறார். அநீதிக்கு ஆளாவது கேடு என்பதை அவர் மறுக்கவே இல்லை. ஆகவே தங்கள் மாறுதலையும், தங்கள் மகளின் மதிப்பெண்ணையும், வீட்டில் நேர்ந்த வருத்தத்தையும் அவர் நன்மைக் கணக்கில் எழுதச் சொல்லவில்லை. அவை இழப்புகள். ஆனால் அன்று மாலை தங்கள் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். அவற்றில் எது தங்களை அதிகம் கெடுத்திருக்கும் என்பதுதான் அவர் எழுப்பும் கேள்வி. தாங்கள் பேனாவை மேசைமேல் வைத்தபோது அதற்கு ஒரு விடை சொல்லிவிட்டீர்கள். அந்த விடை சரிதானா என்று இப்போது கேட்கிறீர்கள். சரி என்றே நான் எண்ணுகிறேன். ஏன் என்பதை அடுத்த கேள்வியோடு சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: தத்துவம் பயிலும் மாணவன் நான். போலஸைச் சாக்ரடீஸ் மடக்கும் வாதத்தில் ஓட்டை இருப்பதாக எங்கள் வகுப்பில் விவாதித்தோம். வாதமே தவறு என்றால் முடிவை மட்டும் எப்படி ஏற்பது? (மதுரை மாவட்டம்)

பதில்: ஓட்டை இருக்கிறது. மறைப்பதற்கில்லை. மற்ற வாசகர்களுக்காக அந்த வாதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். அநீதிக்கு ஆளாவதே அதிகக் கேடு, ஆனால் அநீதி செய்வதே அதிக இழிவு என்று போலஸ் ஒப்புக்கொள்கிறான். இழிவானது ஒன்று அதிக வலி தர வேண்டும், அல்லது அதிகக் கேடு தர வேண்டும், அல்லது இரண்டும் தர வேண்டும் என்று சாக்ரடீஸ் கூற, அதற்கும் அவன் தலையாட்டுகிறான். அடிப்பவனுக்கு அடிபட்டவனைவிட வலி அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே மிஞ்சுவது கேடு. ஆகவே செய்வதே அதிகக் கேடு என்று வாதம் முடிகிறது. போலஸ் கேட்கத் தவறியது ஒரே ஒரு சொல்: யாருக்கு? ஒரு செயல் இழிவாகத் தோன்றுவது அதைப் பார்க்கும் நமக்கு. அருவருப்பும் வேதனையும் பார்ப்பவர்களாகிய நமக்குத்தான். அதிலிருந்து, கேடு செய்தவனுக்கே என்ற முடிவு தானாக வந்துவிடாது. அவன் அதைக் கேட்டிருந்தால் சாக்ரடீஸ் வேறு வழி தேட நேர்ந்திருக்கும்.

அந்த வேறு வழியும் அதே நூலில் சற்றுப் பின்னால் இருக்கிறது என்பது என் கருத்து. அடுத்து வாதத்துக்கு வரும் காலிக்ளீஸிடம் சாக்ரடீஸ் சொல்கிறார்: என் யாழ் சுருதி சேராமல் போகட்டும், நான் நடத்தும் பாட்டுக்குழு அபசுரமாகப் பாடட்டும், உலகத்தாரில் பெரும்பாலோர் என்னோடு முரண்படட்டும், ஒருவனாகிய நான் என்னோடே சுருதி சேராமல் போவதைவிட அவையெல்லாம் மேல். இதில் தருக்கத்தின் முடிச்சு எதுவும் இல்லை. பிறர் செய்த தீங்கிலிருந்து நான் விலகிப் போக முடியும். ஊரை மாற்றலாம், வேலையை விடலாம், அவர் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். நான் செய்த தீங்கைச் செய்தவனோடு நான் ஒரே வீட்டில், ஒரே உடம்பில் கடைசி வரை குடியிருக்க வேண்டும். நம் மொழியில் இதைச் சொல்ல யாழ்கூடத் தேவைப்படவில்லை. 'தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்ற குறளில் சாட்சியும் நெஞ்சு, சுடுவதும் நெஞ்சு, சுடப்படுவதும் அதே ஆள். வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

இது சாக்ரடீஸ் ஒருவரின் தனிக்கொள்கை என்றும் எண்ண வேண்டாம். அவர் காலத்தவரும், அணுக்களைப் பற்றிச் சிந்தித்தவருமான டெமாக்கிரிட்டஸும், அநீதிக்கு ஆளானவனைவிட அநீதி செய்தவனே நலம் கெட்டவன் என்று சொல்லியிருக்கிறார். ஆன்மாவைப் பற்றி இருவரும் எண்ணியது வேறு வேறு. ஆயினும் இந்த ஒன்றில் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தங்கள் வகுப்பில் அடுத்த விவாதத்துக்கு இதை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: உங்கள் வரியைப் படித்துச் சிரித்தேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சாலை வேலையில் 50 மில்லிமீட்டர் கனம் இருந்த ஜல்லிப் படுகையை 75 என்று எம்.புக்கில் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) எழுதினேன். அதன் பிறகும் எழுதியிருக்கிறேன். இப்போதெல்லாம் அளக்கவே போவதில்லை. எனக்கு எந்தக் கேடும் வரவில்லை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். இரவு படுத்தால் காலையில்தான் விழிப்பு. நெஞ்சு சுடும் என்பதெல்லாம் புத்தகத்தில்தான். (பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: நெஞ்சு எல்லோருக்கும் சுடுவதில்லை என்பது உண்மை. அப்படிச் சுட்டால்தான் கேடு என்று நானும் சொல்லவில்லை. சாக்ரடீஸின் கூற்றும் குற்ற உணர்ச்சியை நம்பி நிற்பதன்று. தீயது செய்தால் தீயது திரும்ப வரும், முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும் என்று நாம் கேட்டு வளர்ந்த பேச்சிலிருந்து அவர் வேறுபடுவதும் இங்கேதான். எதுவும் திரும்ப வராவிட்டாலும், யாரும் கண்டுபிடிக்காவிட்டாலும், படுத்தவுடன் தூக்கம் வந்தாலும், கேடு ஏற்கெனவே நடந்துவிட்டது என்கிறார். இன்னும் ஒரு படி மேலே போய், பிடிபட்டுத் தண்டனை பெற்றவனைவிடத் தப்பித்துக்கொண்டவனுக்கே கேடு அதிகம் என்கிறார். மருத்துவரின் கத்திக்குப் பயந்து புண்ணை மறைத்துக்கொள்ளும் குழந்தையோடு அவனை ஒப்பிடுகிறார். இந்தப் பேச்சைக் கேட்டு அன்று போலஸும் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பதும் ஒரு வகை மறுப்போ என்று சாக்ரடீஸ் அவனிடம் கேட்டார்.

சர்க்கரை நோய் முற்றியவர்களின் பாதத்தைத் தாங்கள் பார்த்திருக்கக்கூடும். என் மூத்த சகோதரருக்கு அந்த நோய் இருந்தது. மருத்துவர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெருவிரலில் தெரிகிறது என்றார். குதிகாலுக்கு முன்னால் தெரிகிறது என்றார். நடுப்பாதத்தில் மூன்று முறை தொட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதே இடத்தில் செருப்பில் ஏறிய ஆணி ஒன்று ஒரு வாரமாகக் குத்திக்கொண்டிருந்ததும் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. வலிக்கவில்லை என்பதால் அவர் நலமாக இருந்தார் என்று யாரும் சொல்லமாட்டோம். வலிக்காததுதான் அங்கே நோய்.

தங்கள் கடிதத்தில் கேட்காத கேள்வி ஒன்றுக்குத் தாங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள்: இப்போதெல்லாம் அளக்கவே போவதில்லை. முதல்முறை 75 என்று எழுதியபோது, இருப்பது 50 என்று தங்களுக்குத் தெரிந்திருந்தது. அளந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும். அன்று தங்களுக்குள் ஒரு நல்ல பொறியாளரும் இருந்தார், பொய் எழுதியவரும் இருந்தார். இன்று அளப்பவர் இல்லை. தாங்கள் மேற்பார்வையிட்ட சாலை எவ்வளவு கனம் என்று இன்று தங்களுக்கே தெரியாது. படித்துப் பெற்ற தொழிலை இப்படிக் கையிலிருந்து நழுவவிட்டதைச் சாக்ரடீஸ் கேடு என்பார். நானும் அதையே சொல்கிறேன். அந்தச் சாலையில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டி விழுந்தவர்களின் கேடு தனி. அதைத் தாங்கள் தங்கள் கணக்கில் எழுதவே இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆர்க்கெலாஸ் என்ன ஆனான் என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். கி.மு. 399இல் அவன் தனக்கு நெருங்கியவர்களாலேயே தாக்கப்பட்டு இறந்ததாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். இதை ஒரு நிரூபணமாக முன்வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் சாக்ரடீஸ் நஞ்சு குடித்து இறந்ததும் அதே கி.மு. 399இல்தான். சாவைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

கேள்வி: எனக்குப் படிப்பு அதிகமில்லை. பதினாறு வருடம் அடிபட்டு, பிள்ளைகளோடு வெளியே வந்தவள். அடித்தவனுக்குத்தான் கேடு அதிகம் என்று என்னிடமும் பெரியவர்கள் பலர் சொன்னார்கள். 'பொறுத்துக்கொள், பாவம் அவனுக்குத்தான்' என்றார்கள். உங்கள் சாக்ரடீஸும் அதைத்தானே சொல்கிறார்? (சேலம் மாவட்டம்)

பதில்: அம்மா, வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்கவைத்தது தங்கள் கடிதம்தான். இதற்கு நூல்களிலிருந்து பதில் சொல்வதற்கு முன் என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

நான் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. எட்டாம் வகுப்பில் தேர்வுக் கட்டணமாக வசூலித்து வைத்திருந்த பணத்தில் 27 ரூபாய் குறைந்தது. இடைவேளையில் வகுப்பறைக்குள் இருந்தவன் ஒரே ஒரு பையன். எடுத்தாயா என்றேன், இல்லை என்றான். மர அடிக்கோலால் அவன் வலது கையில் ஆறு அடி அடித்தேன். நான் சொல்லாமலே இடது கையையும் நீட்டினான்; எப்படியும் அதற்கும் விழும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மாலையில் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது, இரண்டு தாள்களுக்கு நடுவில் நானே வைத்த அந்த நோட்டுகள் இருந்தன. மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போய் அவன் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பையன் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றார். அவன் பிறகு பள்ளிக்கூடமே வரவில்லை.

எனக்கும் பணிக்காலத்தில் அநீதிகள் நேர்ந்ததுண்டு. வர வேண்டிய பதவி உயர்வு ஒன்று வேறொருவருக்குப் போனது. அதை எத்தனையோ பேரிடம், எத்தனையோ முறை, சற்றுச் சுவை கூட்டியும் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அது தேய்ந்துவிட்டது. அந்தப் பையனின் இடது கையைப் பற்றி என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. பட்டதைப் பேசி ஆற்றிக்கொள்ள முடிந்தது. செய்ததைப் பேசவே முடியவில்லை. எனக்கு நேர்ந்த இரண்டில் எது பெரிய கேடு என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: நான் செய்ததே.

ஆனால் அம்மா, அந்தப் பையனிடம் போய், 'தம்பி, உன்னைவிட எனக்குத்தான் கேடு அதிகம்' என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அப்படிச் சொன்னால் அது அவனுக்கு விழும் பதின்மூன்றாவது அடி. அவன் இழந்தது பள்ளிக்கூடம். என் வருத்தம் அதில் ஒரு நாளைக்கூட அவனுக்குத் திருப்பித் தரவில்லை. இங்கேதான் நான் சென்ற இதழில் தவறினேன். அந்த வரியை யார் யாரிடம் சொல்லலாம் என்று குறிப்பிடாமல் எழுதிவிட்டேன். அது, செய்யப்போகிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை. சாக்ரடீஸ் அதைத் தம்மைப் பற்றியே சொன்னார்: நான் எதைத் தேர்ந்துகொள்வேன் என்று. அடிபடுகிறவளிடம் அதைக் கொண்டுபோய்ச் சொல்கிறவர்கள், அடிப்பவன் கையைப் பிடிக்க வேண்டிய தங்கள் கடமையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள். தங்களிடம் பொறுத்துக்கொள் என்றவர்கள் அவனிடம் ஒரு நாளாவது போய், உனக்குத்தான் கேடு, நிறுத்து என்று சொன்னார்களா? சொல்லியிருந்தால் அவர்கள் அந்த வாக்கியத்தைச் சரியான வாசலில் சொன்னவர்கள் ஆவார்கள். மேலும், சாக்ரடீஸின் கணக்குப்படி தீங்கு செய்கிறவனை நீதிபதியிடம் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவனுக்கே செய்யும் நன்மை. பொறுத்துப்போவது அந்த நன்மையையும் அவனுக்கு இல்லாமல் செய்கிறது. தாங்கள் பிள்ளைகளோடு வெளியே வந்தது அவருடைய சொல்லுக்கு எதிரானதன்று.

இன்னொன்றையும் அரிஸ்டாட்டில் கவனித்திருக்கிறார். அவரும் செய்வதே அதிகக் கேடு என்ற கட்சிதான். ஆனால் ஒரு விலக்குச் சொல்கிறார்: மருத்துவக் கணக்கில் நுரையீரல் உறை அழற்சி நோய் பெரிது, கால் இடறுவது சிறிது, ஆயினும் போர்க்களத்தில் கால் இடறியவன் அதனாலேயே எதிரி கையில் சிக்கிச் செத்துவிடக்கூடும். பட்ட தீங்கும் அப்படித்தான். தன்னளவில் அது சிறிய கேடாக இருந்தாலும், அது ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது.

சிலப்பதிகாரத்தை நான் இப்போதெல்லாம் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன். பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைக்க, மாணிக்கப்பரல் தெறித்து அரசன் முகத்தருகே விழுகிறது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னவன் அந்த நொடியில் தன்னைப் பார்த்துவிடுகிறான். 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறான். 'கெடுகவென் ஆயுள்' என்று சொல்லி வீழ்ந்து இறக்கிறான். நெஞ்சு சுடுவதற்கு இதைவிடப் பெரிய சாட்சி நம் இலக்கியத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவையில் யாரும் அவனைத் தண்டிக்கவில்லை. செய்தவனுக்கே கேடு அதிகம் என்பதற்கு அவனையே காட்டலாம்.

ஆனால் காப்பியம் அங்கே நிற்கவில்லை. கண்ணகியின் துயரத்தால் மதுரை எரிகிறது. அறவோர், முதியோர், குழந்தைகள் என்று சிலரை விலக்கிவிட்டுத்தான் தீயை அவள் ஏவுகிறாள். அவ்வளவு வேதனையிலும் அந்த விலக்கைச் சொல்ல அவளுக்கு நினைவு இருந்தது என்பதை நான் எப்போதும் வியப்பேன். பின்னால் வருபவனுக்கு அந்த நினைவு இல்லை. கொற்கையிலிருந்த பாண்டிய இளவரசன் வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்வதாகச் சொல்லிப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று பலியிடுகிறான். பொய் சொன்னவன் ஒரே ஒரு பொற்கொல்லன். அந்த ஆயிரம் பேரில் ஒருவர்கூடச் சிலம்பைத் தொட்டதில்லை. ஒருத்திக்கு நேர்ந்த அநீதியின் பெயரால் ஆயிரம் அநீதி. இந்த இடத்தை வகுப்பறைகளில் விரைவாகக் கடந்துவிடுகிறோம், நானும் கடந்திருக்கிறேன். 'திறனல்ல தற்பிறர் செய்யினும் நோநொந்து அறனல்ல செய்யாமை நன்று' என்று வள்ளுவர் சொன்னது இந்த ஆபத்தைக் கண்டுதான் என்று எண்ணுகிறேன். பட்டவரையும் செய்தவராக்கிவிடும் வழி மிகவும் குறுகியது. அந்த வழியில் இறங்காமல் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் தங்களைப் போன்றவர்கள் கேட்பது ஆறுதல் வார்த்தையை அன்று. நியாயம் கேட்கிறீர்கள். அதை வாங்கித் தருவது சுற்றியிருப்பவர்களின் வேலை.

கேள்வி: எல்லாம் சரி. சாக்ரடீஸ் பேசியதோடு சரியா, நடந்தும் காட்டினாரா? (திருச்சி மாவட்டம்)

பதில்: இரண்டு முறை நடந்துகாட்டினார். கி.மு. 406இல், ஆர்கினூசே கடற்போரில் வென்றுவிட்டு, மூழ்கிக்கொண்டிருந்த வீரர்களைக் காப்பாற்றாமல் வந்தார்கள் என்று தளபதிகள்மேல் குற்றம் சாட்டப்பட்டது. ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டமோ எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு வேண்டும் என்று கத்தியது. அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ் அதற்கு உடன்பட மறுத்தார். அவர் மறுத்தும் ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள்.

கி.மு. 404இல் ஏதென்ஸில் முப்பது கொடுங்கோலர்களின் ஆட்சி. ஆட்சியாளர்கள் அவரையும் வேறு நால்வரையும் அழைத்து, சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைப் பிடித்து வரச் சொன்னார்கள். கொல்வதற்குத்தான். தங்கள் குற்றங்களில் முடிந்தவரை பலரைப் பங்காளிகள் ஆக்குவது அந்த ஆட்சியின் வழக்கம். நால்வரும் சலாமிஸுக்குப் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். அந்த ஆட்சி விரைவில் கவிழாமல் இருந்திருந்தால் அதற்காகவே தம்மைக் கொன்றிருப்பார்கள் என்று பின்னாளில் நீதிமன்றத்தில் அவரே சொன்னார்.

இதைக் கேட்டு நான் இளம் வயதில் மெய்சிலிர்த்ததுண்டு. இன்று ஒரு குறையும் தோன்றுகிறது. லியோன் கொல்லப்பட்டார். சாக்ரடீஸ் கையில் இரத்தம் படவில்லை. ஆனால் சலாமிஸுக்கு ஒரு செய்தி அனுப்பியதாகவும் எங்கும் சொல்லப்படவில்லை. தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது மிகக் குறைந்த கடமை. காந்தியடிகள் இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனார் என்றே கருதுகிறேன். 1908இல் தென்னாப்பிரிக்காவில், சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசிய உரையைக் குஜராத்தியில் சுருக்கி, சத்திய வீரர் ஒருவரின் கதை என்ற பொருள்படும் தலைப்பில் தம் இதழில் வெளியிட்டார். 1910இல் பம்பாய் அரசாங்கம் அந்தச் சிறு நூலைத் தடைசெய்தது. படுவேன், செய்யமாட்டேன் என்பதோடு, நீ செய்வதையும் எல்லோரும் பார்க்கும்படி செய்வேன் என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார். தடைசெய்தவர்களை அஞ்சவைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தஞ்சாவூர் மாவட்டத்து நண்பரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். தாங்கள் அன்று மறுத்ததை வாய்மொழியாக மட்டும் மறுத்தீர்களா, எழுத்திலும் கொடுத்தீர்களா என்பது கடிதத்தில் இல்லை. எழுதிக் கொடுத்திருந்தால் அதன் நகலையும், தபாலில் சேர்த்த எண்ணையும், மாறுதல் ஆணையின் தேதியையும் ஒன்றாகக் கோத்து வையுங்கள். எழுதவில்லை என்றாலும், அந்த நாளின் இருப்புப் பதிவேட்டுப் பக்கத்தையும் எடைச் சீட்டுகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு மனு எழுதலாம். சங்கத்திலிருந்து நேரடியாகக் கிடைக்காவிட்டால், அதன்மேல் அதிகாரம் உள்ள அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பிப் பார்க்கலாம். 140 மூட்டைகள் வந்திருந்தால் அவற்றுக்கு எடைச் சீட்டு இருந்தாக வேண்டும். மனுவை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் இந்த இதழின் முகவரிக்கே எழுதுங்கள். வரைவை நான் எழுதி அனுப்புகிறேன்.